கிளம்பாத வண்டி

“நல்லாப் பார்த்துக்கோ. ஏழு வருஷமா இது வாயே திறக்கல. வாங்கிட்டுப் போனப்புறம் வந்து என்னைக் குறை சொல்லக் கூடாது.”

பெரியவர் டெராமான் மேலே மூடியிருந்த சாக்கை இழுத்து எடுத்ததும் ரஷ்டான் குனிந்து பார்த்தான். ஐம்பத்தாறாம் வருஷத்து பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்! கோலா கங்சாரில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில்!

ஓடாத பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் பிரித்துப் பூட்டி ஓடவைப்பது ரஷ்டானின் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இதுவரை பதினொன்று. ஒன்றுகூட அவனிடம் அடம்பிடித்து ஜெயித்ததில்லை.

“கவலையை விடுங்க பாக்சிக். ரெண்டே மாசம். நானே ஓட்டிட்டு வந்து உங்க வாசல்ல நிறுத்துறேன்.” மூத்தவர்களை அந்த ஊரில் மாமா என்பதற்குப் பாக்சிக், அத்தை என்பதற்கு மக்சிக்.

“எந்த வாசல்ல? அடுத்த வாரம் நாங்க ஷா ஆலம் போறோம், மக வீட்டோட. பத்தாவது மாடி. இதை லிஃப்ட்லயா ஏத்துறது?”

சொல்லிவிட்டுப் பெரியவர் வண்டியில் ஏறி ஓர் உதை விட்டார். இன்னொன்று. இன்னொன்று. இருபது உதைக்குப் பிறகும் வண்டி ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

“தினம் காலையில இந்தக் கூத்துதான்!” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்டைவீட்டுக்காரர் சிரித்தார். “வண்டி நின்ன இடத்துலயே நிக்குது, செருப்புதான் தேயுது!”

“சிரி, சிரி. ஒருநாள் கிளம்பத்தான் போகுது” என்றார் டெராமான், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

சமையலறை வாசலில் அவர் மனைவி ரொக்கியா நின்றிருந்தாள்.

விலை பேசி முடிந்தது. வண்டியின் பத்திரத்தைத் தேடிப் பெரியவர் உள்ளே போனார். ரஷ்டானுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

எஞ்சின் இறுகவில்லை. உதைத்தால் நல்ல அழுத்தம் இருக்கிறது. பிளக்கில் பொறிதான் இல்லை. மூடியைக் கழற்றினான். உள்ளே, பொறியை எழுப்பும் பாயிண்ட் இருக்கவேண்டிய இடம் காலி!

துருப்பிடித்து விழுந்ததல்ல. யாரோ திருகாணியைக் கழற்றி, பக்குவமாக எடுத்திருக்கிறார்கள்.

“கண்டுபிடிச்சிட்டியா?”

திரும்பினான். ரொக்கியா. ஒரு கையில் அவனுக்குத் தேநீர், இன்னொரு கையில் நெத்திலிக் கருவாட்டு டப்பா. டப்பாவுக்குள்ளிருந்து முடிச்சுப்போட்ட துணி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பாயிண்ட்.

“மக்சிக், இதை...”

“நான்தான் எடுத்தேன். என் அண்ணனை விட்டுக் கழட்டச் சொன்னேன்.” குரலைத் தாழ்த்தினாள். “அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு தம்பி. வண்டியோட ஆத்துச் சரிவுல உருண்டு, மூணு மாசம் படுக்கை. கட்டுப் பிரிச்ச அன்னைக்கே ‘சாவி எங்கே’ன்னு நின்னார். சொல்லி அடங்குற ஆளா அவர்? நீ இதை உன் வீட்டுல போய்ப் பூட்டிக்கோ. அவர் காதுக்குப் போக வேணாம்.”

ரஷ்டானுக்குச் சுருக்கென்றது.

“ஏழு வருஷமா அந்த மனுஷன் உதைச்சு உதைச்சு ஓய்ஞ்சு போறார். ஊரே சிரிக்குது. நீங்க பார்த்துக்கிட்டே நின்னிருக்கீங்க!”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். உயிரோட இருக்கார்ல?”

அவன் பாயிண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சொல்ல மாட்டேன் என்று வாக்கு மட்டும் கொடுக்கவில்லை. கட்டிய கணவனை இப்படியா கோமாளி ஆக்குவது?

பலகை போட்டு, இருவருமாகத் தள்ளி, வண்டியை ரஷ்டானின் லாரியில் ஏற்றினார்கள். டெராமான் பெட்ரோல் டாங்கின்மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அதைப் பார்த்ததும் ரஷ்டானால் அடக்க முடியவில்லை.

“பாக்சிக், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லியாகணும். உங்க வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. பாயிண்டை உங்க வீட்டுலயே...”

“மெதுவா பேசு!” பெரியவர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. பிறகு சீட்டுக்குக் கீழே இருந்த டூல்ஸ் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

எண்ணெய்க் காகிதம். கடை முத்திரைகூட அழியவில்லை. உள்ளே புத்தம்புது பாயிண்ட்!

“அவ கழட்டின மறுநாளே மூடியைத் திறந்து பார்த்துட்டேன். கோபமான கோபம்! பஸ் ஏறி ஈப்போ போய் இதை வாங்கிட்டு வந்தேன். அன்னைக்குச் சாயங்காலமே பூட்டி, அவ முன்னாடியே ஓட்டிக் காட்டணும்னு.”

“அப்புறம்?”

“வீட்டுக்குள்ள வந்தா, அவ பாட்டு முனகிக்கிட்டே சமைச்சிட்டிருந்தா. நான் வண்டி எடுத்த காலமெல்லாம் சாயங்காலம்னா வாசலுக்கும் அடுப்புக்குமா அலைவா, சாப்பாடே இறங்காது. அன்னைக்குத்தான் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டா. எனக்குப் பொட்டலத்தைப் பிரிக்க மனசு வரல.”

ரஷ்டான் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“தெரிஞ்சேவா? அப்புறம் எதுக்கு பாக்சிக், தினம் அத்தனை உதை?”

டெராமான் சிரித்தார்.

“உதைக்கிறதை நிறுத்தினா, எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அவ கண்டுபிடிச்சிடுவாளேப்பா!”