மணிக்கட்டில் பட்ட சூடு

டாக்டர் அவள் கையிலிருந்த துணிக்கட்டைப் பிரித்தபோது மூக்கைச் சுளிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

இஸ்திரிப் பெட்டி சுட்ட புண். ஹோட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது அவள் வேலை. அங்கே சூடு பட்டுக்கொள்ளாத கையே கிடையாது. மற்றவர்களுக்குச் சீக்கிரமே காய்ந்து உதிர்ந்துவிடும். இவளுக்கு மட்டும் மாதக்கணக்காக ஈரம் வற்றவில்லை.

ஓயாமல் தண்ணீரில் புழங்குவதால்தான் என்று நினைத்தாள். வேலை முடிந்து வந்தால் அம்மாவைத் துடைக்க வேண்டும், துணி அலச வேண்டும். அம்மா படுத்த படுக்கை.

ராத்திரியில் நடுநடுவே எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பாள். அம்மாவின் முதுகில் இன்றுவரை ஒரு புண் இல்லை.

"உன்ன மாதிரி எனக்குக் கை வராது" என்று அண்ணன் போனில் மெச்சுவான். மெச்சிவிட்டு வைத்துவிடுவான்.

நர்ஸ் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தாள். கருவியைப் பார்த்தாள். வேறொரு விரலில் மறுபடியும் குத்தினாள்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. அதனால்தான் புண் ஆறவில்லை, சீழும் பிடித்துவிட்டது. ரொம்ப நாளாகவே இருந்திருக்கும். தாகம், அசதி எதுவும் தெரியவில்லையா?

அசதி. அதை மற்றதிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பயப்படாதீங்கம்மா. ஆனா வெறும் மாத்திரை குடுத்து அனுப்ப முடியாது. ஒரு வாரமாவது இங்க படுத்தாகணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் லேசாகக் குலுங்கின. டாக்டர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். பிறகு, வீட்டில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார்.

"அண்ணன் இருக்கான். நீங்களே போன்ல ஒரு வார்த்த சொல்லிடுங்க டாக்டர். நான் சொன்னா நம்ப மாட்டான்."

டாக்டர் அவள் சொன்ன எண்ணைப் போனில் அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஒரு வாரம்னு சொல்லாதீங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "பத்து நாள்னு சொல்லுங்க."