தவிடன்

கபடிப் போட்டி மைக்கில் "தவிடன்" என்று ராக்காயியின் மகனை அழைத்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்த கர்ப்பிணி மட்டும் சிரிக்காமல், "ஏங்க்கா இந்தப் பேரு?" என்றாள்.

"ராஜா பேரு வச்ச மூணு பிள்ளையும் தங்கல தாயி. இவனைப் பொறந்த அன்னைக்கே அடுத்த வீட்டுல குடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திருப்பி வாங்கினேன். தவிட்டுக்கு வந்ததை எமன் சீந்தமாட்டான்."

களத்தில் பாடிப்போன அவன்மேல் எதிரணியின் ஏழு பேரும் விழுந்து அமுக்கினார்கள்.

"டேய் தவிடா, வந்துருடா!" ராக்காயி எழுந்து அலறினாள்.

குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது. ஏழு பேரும் அவுட். சிரித்த கூட்டமே அந்தப் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியது.

கர்ப்பிணி வயிற்றில் கைவைத்தாள். "எனக்கும் ரெண்டு தங்கலக்கா. ஒரு முறம் தவிடு தருவீங்களா?"