சென்சாரில் எண்ணெய்

“போன வாரம்தானே சார் சரிபண்ணிக் கொடுத்தேன்? மறுபடியும் இன்ஜின் விளக்கு எரியுதா?” என்றபடி மெக்கானிக் பானெட்டைத் திறந்தான்.

“ஆமாம். வண்டி இழுக்கவே மாட்டேங்குது,” என்றார் பெரியவர்.

இன்ஜினுக்குப் போகும் காற்றை அளக்கும் சென்சாரைக் குழாயிலிருந்து கழற்றினான். அதன் மெல்லிய கம்பியில் எண்ணெய் படிந்திருந்தது.

“கம்பெனி ஏர் ஃபில்டரை எடுத்துட்டு, வெளியில வாங்கினதை மாட்டியிருக்கீங்க. இந்த ஃபில்டருக்கு எண்ணெய் லேசா தடவினா போதும், அதிகமானா சென்சார்ல போய் ஒட்டிக்கும். இப்படிச் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கே?”

“கை தவறிடுச்சு.”

“இதோட நாலு தடவை வந்துட்டீங்க. நாலு தடவையுமா?”



அவன் ஸ்ப்ரே அடித்து சென்சாரைச் சுத்தம் செய்தான். கம்பெனி ஃபில்டர் ஒன்றையே மாட்டினான். “இனி தொந்தரவு வராது. நீங்களும் இங்க வர வேண்டியிருக்காது.”

வண்டியில் ஏறப்போனவர் நின்றார்.

“உங்கம்மா தினமும் உன்னைக் கேக்கறா. உன்னை வந்து பாக்க எனக்கு வேற வழி தெரியல. ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிடுப்பா.”

அவன் பானெட்டை மூடிவிட்டு அவரை நேராகப் பார்த்தான்.

“நான் இந்த வேலைக்கு வந்த அன்னிக்கு, ‘இனி என்னை அப்பான்னு கூப்பிடாதே’ன்னு தெருவே கேக்கக் கத்தினது நீங்கதானே, சார்?”