ஏழாம் பக்கத்துத் தாலாட்டு

"முனிலட்சுமி வருவாளா, மாட்டாளா?" என்று மறுபடியும் கேட்டார் அருள்ஜோசப்.

"வரேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை. பாப்பாவையே பாத்துக்கிட்டு நின்னா," என்றாள் மனைவி ஜெபசீலி. பிரசவம் முடிந்து, தாய்வீட்டிலிருந்து போன வாரம்தான் கைக்குழந்தையோடு மத்திகிரிக்கு வந்திருந்தாள்.

அருள்ஜோசப் இசை வாத்தியார். சுற்று வட்டாரத்து நாட்டுப் பாடல்களைப் பியானோவுக்கு எழுதியிருந்தார். அவற்றை ஆராய்ச்சிப் பதிப்பாகப் போட சென்னையிலிருந்து வந்திருந்த தேவசகாயம் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு மெட்டையும் பாடியவர் வாயாலேயே கேட்டு, அடிக்குறிப்பு எழுதினால்தான் அச்சு. ஏழாம் பக்கத்துத் தாலாட்டு மட்டும் பாக்கி.

"இதுதான் புத்தகத்துக்கே உசிரு. இது இல்லேன்னா நான் போடறதா இல்லை," என்று தேவசகாயம் கறாராகச் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு முனிலட்சுமி ஒருவழியாக வந்தாள். வாசலோடு நின்றுகொண்டாள்.

"வாம்மா. நான் இங்கே குடிவந்த அன்னிக்கு உங்க வீட்ல பாடினியே, அந்தத் தாலாட்டு. ஒரே ஒரு தரம் பாடு."

"அது வேணாங்க வாத்தியாரே. நடவுப் பாட்டு பாடறேன்."

"அதுதாம்மா வேணும்."

"இந்த வூட்ல அதப் பாடமாட்டேங்க."

என்ன கிராக்கி பண்ணுகிறாள் இவள் என்று அருள்ஜோசபுக்கு எரிச்சலாக வந்தது. பல வருஷத்து உழைப்பு கைநழுவிப் போகிற பயம் வேறு.

"சரி, நானே வாசிக்கிறேன். சரியா இருந்தா தலையை மட்டும் ஆட்டு."

பியானோ முன் உட்கார்ந்து வாசித்தார். தொட்டிலில் சிணுங்கிய குழந்தை அடங்கியது.

"தினம் இதைக் கேட்டாத்தான் பாப்பா தூங்குது," என்று ஜெபசீலி பெருமையாகச் சொன்னாள்.

முனிலட்சுமி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். குழந்தையைத் தொட்டிலிலிருந்து வாரியெடுத்து மார்போடு அணைத்து, அதன் காதுகளைப் பொத்தினாள்.

"நிறுத்துங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அருள்ஜோசப் கையை எடுத்தார்.

"எங்க சனத்துல சின்னப் புள்ள செத்தா மேளம் கெடையாது, கூட்டம் கெடையாதுங்க வாத்தியாரே. பெத்தவ மட்டும் மடியில போட்டுக்கிட்டுப் பாடுவா. அன்னிக்கு நீங்க கேட்டது, என் மகளுக்கு நான் பாடுன ஒப்பாரிங்க."