கட்டி கரைய

வடிவின் வயிற்றுக் கட்டியைப் புற்று என்று எல்லோரும் நம்பியதால்தான், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போன மகளை வடிவின் கணவர் வீட்டுக்குள் விட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவது மகள்தான்.

இன்று டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"புத்து இல்லம்மா. நாய்கிட்டருந்து வர்ற ஒரு புழு, உள்ள நீர்க்கட்டியா வளந்திருக்கு. அபூர்வமா வரும். மாத்திரையிலயே கரைச்சிடலாம்."

"கொஞ்ச நாள் அப்படியே இருந்தா என்ன டாக்டர்?" என்று கேட்டாள் வடிவு. அவள் விளையாட்டாகக் கேட்கிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மகளின் பையை எடுத்துப்போய் வாசலில் வைத்தார். மகள் தண்ணீரும் முதல் மாத்திரையுமாக அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"முழுங்கும்மா. பாத்துட்டுக் கெளம்புறேன்."

வடிவு வாயைத் திறக்கவில்லை.