நிழலுக்கு ஒரு சண்டை

நாகாவதி அணைக்கரையில் கோடை விடுமுறைக் கூட்டம். அங்கிருந்த ஒரே வேலமர நிழலில் தூண்டிலும் கையுமாக ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நஞ்சம்மாள் ஓரமாக நின்று தூண்டில் போட்டதும், அதன் மேலேயே கோகிலாவின் தூண்டில் வந்து விழுந்தது.

"ஏம்புள்ள, கண்ணு தெரியலையா? என் தூண்டில் நரம்பு மேலயே போடற?"

"கரை என்ன உங்க வூட்டு வாசலாங்க?"

"உங்காத்தா மரியாதை சொல்லித் தரலையா?"

"எங்காத்தாளை இழுத்தீங்க, நடக்கறதே வேற!"

"மெதுவாப் பேசுங்கம்மா, ஜிலேபி மீனெல்லாம் ஓடுது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நீங்களே சொல்லுங்கண்ணா, யார் மேல தப்பு?" என்று கோகிலா அவரைப் பிடித்துக்கொண்டாள். நஞ்சம்மாளும் விடவில்லை. பஞ்சாயத்துக்குப் பயந்து அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அடுத்து தங்களிடம் நியாயம் கேட்பார்களோ என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். நிழல் காலியானது.

கோகிலா துண்டை விரித்தாள். "உக்காருங்க அத்தை. போன வாரத்தைவிட சீக்கிரமாவே கெளம்பிட்டாங்க."

மாமியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, சிரிக்காதீங்க அத்தை! அந்த அண்ணன் திரும்பிப் பாக்கறாரு. என்னை மொறைங்க!"