தோளில் ஏறாத அங்கி

"என் தோளை அளந்துட்டுத்தானே போனீங்க, அண்ணே? இது உங்க அளவுல இருக்கு!" பஸ் ஓட்டுகிற பெண் போடும் சத்தம் கேட்டு, தற்செயலாகத்தான், நான் ஒத்திகைக் கூடத்து ஜன்னலோரம் நிற்கிறேன். நாடகத்தில் அங்கி தைத்த தையல்காரருக்கு ராஜா வேஷம். அவரைக் கொன்று அதே அங்கியில் அரியணை ஏறும் தளபதி இவள். அந்தத் தளபதி வேஷத்துக்கு அவர் எவ்வளவு அலைந்தார் என்பது தெருவுக்கே தெரியும். நாளை மறுநாள் அரங்கேற்றம். "துணி பத்தலைம்மா. வேணும்னா நான் தளபதியா வரேன், நீ ராஜாவா செத்துப்போ," என்கிறார், உதட்டில் குண்டூசியோடு. அவளோ ஏறாத கையை உருவிவிட்டு, அங்கியை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அரியணையாக வைத்திருக்கும் பழைய பஸ் சீட்டை நோக்கி நடக்கிறாள். சாயங்கால வெயில் அங்கிச் சரிகையில் பட்டதும் சுவரெல்லாம் மினுங்குகிறது. உட்காராமல், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்களால் கைப்பிடியை ஒருதரம் தடவுகிறாள். "இன்னும் சூடு ஆறவில்லை," என்று, ராஜாவைக் கொன்றபின் தளபதி சொல்லும் வசனத்தை மெல்லச் சொல்கிறாள். நான் ஜன்னலுக்குள் தலையையே நீட்டிவிடுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தையல்காரர் உதட்டிலிருந்து ஊசியை எடுக்கிறார். "குடும்மா. உள்ள நாலு விரக்கடை மடிச்சுத்தான் தெச்சிருக்கேன். பிரிச்சு விட்டுடறேன்." அடுத்த வருஷம் அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள், தளபதி வேஷம் அவருக்கே வந்தது. அங்கியை மட்டும் அவர் மறுபடி தன் அளவுக்குப் பிடித்துத் தைக்கவில்லை. அவள் அளவிலேயே, தொளதொளவென்று போட்டுக்கொண்டு மேடையேறினார்.